சட்டாம்பிள்ளையும் மாலைப் பள்ளியும்

(மணலியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த முன்வந்த தொண்டர்களின் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த வாலிபர்கள் நம்மை அழைக்க வந்தபோது, "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முன்வந்திருப்பவர்களை நாலு வார்த்தை வாழ்த்திவிட்டுப் போனால் போதும்" என்று சொன்னார்கள். வாழ்த்திவிட்டுப் போவதற்கு நாம் புரோகிதரல்ல. நீங்களும் தட்சணை கொடுக்கப் போவதில்லை. ஆகவே வாழ்த்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் காரியத்திலுள்ள கஷ்டத்தையும், நம்மைப் போன்றவர்கள் இதில் செய்திருக்கிற தவறையும் ஒளிக்காமல் பேசலாமென்று வந்திருக்கிறோம். கேட்டபின் உங்களில் சிலர் பெயரை வாபஸ் வாங்கிக் கொண்டாலும் நமக்கு வருத்தமில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலாவது, நம் ஊர் சங்கதி. மணலி என்ற பெயர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டணத்தில் பிரசித்தம். கவர்னர் பிகட்டிடம் துபாஷியாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், இந்த ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக் கொண்டு, கோட்டைக்கு வெளியிலே பட்டணம் கோயிலைக் கட்டுவித்தார். கோயிலுக்குப் போன பணத்தின் கணக்கு ஆயிரக்கணக்கான வராகன் என்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மணலியிலிருந்த குடியானவன் பிள்ளை படித்தானா என்பதற்குக் கணக்கு எங்கும் காணோம். பிறகு 1965-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கம்பெனி பதிவாயிற்று. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கிற்று. அதற்கடுத்தாற்போல் உர ஆலையும் மற்றவைகளும் வந்தன. நிலம் போனவர்கள் ஒரு பக்கம், வேலைக்கு வந்தவர்கள் ஒரு பக்கமாக ஊர் பெருத்தது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். இன்று இந்த ஊருக்குள் வருகிறவன் முதலில் பார்ப்பது வரிசையாய் நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும், இரவெல்லாம் அணையாத ஆலைச் சுடரையும்தான். அந்தச் சுடரின் வெளிச்சம் எத்தனை வீட்டில் புத்தகத்தின் மேல் விழுகிறதென்று பார்ப்பவர் யாருமில்லை.

இங்கு தகப்பன் ஒரு ஷிப்ட், தாய் வேறொரு வேலை. காண்டிராக்ட் கூலிக்கு நேரமேது, காலமேது? பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து நாலரை மணிக்கு வருகிறது. தாய் வீடு திரும்ப எட்டாகிறது. இந்த மூன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை யாருடையது? தெருவினுடையது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதே நேரத்தில் டியூஷன் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் தாயிருக்கிறாள், சந்தேகம் தீர்க்கும் அண்ணனிருக்கிறான். பரீட்சையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே கேள்வித்தாளைத்தான் எழுதுகிறார்கள். பிறகு மார்க்கைப் பார்த்து ஒருவனைப் புத்திசாலி என்றும் மற்றவனை மண்டு என்றும் தீர்ப்புச் சொல்லுகிறோம். ஒரு தாயார் நம்மிடமே சொன்னார்: "எங்க வீட்டுல யாருக்குமே படிப்பு ஏறல சார். அவனுக்கு மட்டும் எங்க ஏறும்? தலையெழுத்து." அந்தப் பையனை உட்கார வைத்துப் பார்த்தால், கரும்பலகையில் எழுதியது அவன் கண்ணுக்குச் சரியாய்த் தெரிவதில்லை என்பது தெரிந்தது. கண்ணாடி போட்டபின் தலையெழுத்து தெளிவாய்ப் படிக்க வந்துவிட்டது!

நிற்க, பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதும், சம்பளமில்லாத அண்ணனும் அக்காளும் பாடம் நடத்துவதும் ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான புது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்ததை வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் முந்திப் படித்த பையன். பிந்தி வந்தவர்களுக்கு மணலில் எழுதிக் காட்டுவான், சொல்ல வைப்பான். 1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கிருந்த விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரி மேற்பார்வைக்காரரானார். உபாத்தியாயர்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஒருநாள் நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். திரும்பி வந்து, உபாத்தியாயரை விட்டுவிட்டு, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். உபாத்தியாயரால் ஆகாதது அந்தப் பையனால் ஆயிற்று. 1797-ல் இதை லண்டனில் புத்தகமாய் அச்சிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுதும் பரவிற்று. பெல் விட்டுப் போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மதராஸ் கல்லூரி என்பதுதான்.

இதைக் கேட்டதும் உடனே மார்தட்டிக் கொள்ள வேண்டாம். "ஆகா, நம் பழைய திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பார்!" என்று சொல்ல நம்மில் ஆள் உண்டு. அந்தத் திண்ணையில் யார் யார் ஏறினார்கள் என்று கேட்க வேண்டாமா? கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எந்த ஜாதிப் பிள்ளை எத்தனை என்று கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதி வைத்தபடி சென்னை ராஜதானியில் பள்ளிக்கூடங்கள் 12,498. ஜனத்தொகை ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேல். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். அதிலும் பெண் பிள்ளைகள் மிகமிகச் சொற்பம். முறை நல்ல முறை. திண்ணை மட்டும் எல்லோருக்குமான திண்ணையல்ல. ஆகவே நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது சட்டாம்பிள்ளையைத்தான், திண்ணையை அல்ல.

இந்தத் திண்ணைப் பேச்சுக்குக் காரணமுண்டு. எங்கு வகுப்பு நடத்துவது என்று சென்ற வாரம் பேச்சு வந்தபோது, ஒரு நண்பர், கோயில் மண்டபம் விசாலமாயிருக்கிறது, மின்விசிறியும் விளக்கும் இருக்கிறது, வாடகையும் கிடையாது என்று சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் மண்டபத்தில் ஏறத் தயங்குகிற தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு மதத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "யாரும் தடுக்கமாட்டார்களே" என்று பதில் சொல்லலாம். தடுக்காததும் வரவேற்பதும் ஒன்றல்ல. ஒரு தெருவின் வீட்டு வாசலில் நடத்தினால் அடுத்த தெருப் பிள்ளை வரமாட்டான் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. பள்ளிக்கூட வராந்தாவோ அங்கன்வாடியோ கிடைக்குமானால் மின்விசிறி இல்லாவிட்டாலும் அதுவே மேல். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் போல. அவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டாய்த் தமிழ் பேச ஒரு சட்டாம்பிள்ளை.

இனி, இதனால் பிரயோஜனமுண்டா என்ற கேள்வி. நம்பிக்கையின் பேரில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமென்று சொல்லுகிற நாம் இதற்கும் அத்தாட்சி கேட்க வேண்டியதுதான்.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடக் கதவு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தது. அதற்குச் சில நாள் முன்னதாக, அக்டோபர் 27-ல், தமிழ்நாடு சர்க்கார் விழுப்புரம் ஜில்லா மரக்காணம் பக்கத்தில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் முன்வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். கல்யாணமாகி, படித்த படிப்பை அடுப்பங்கரையில் மூடி வைத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர் அன்றுதான் சாக்கட்டியைக் கையில் எடுத்தார்கள். திட்டத்தால் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைப் போலவே இது பெரிய லாபமென்று நாம் கருதுகிறோம்.

பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் 2019-ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சோதித்த சுமார் 19,000 பிள்ளைகளை 2021 டிசம்பருக்குப்பின் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியதால் படிப்பு மிகவும் பின்வாங்கியிருந்தது. கணக்கில் மொழியைவிட அதிகம். ஆனால் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்பினால் வந்ததென்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மீதி முக்கால் பங்கு? பெரும்பாலும் பள்ளிக்கூடமும் உபாத்தியாயரும்தான். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும். ஏனென்றால் 2020 தேசியக் கல்விக் கொள்கையில் தொண்டர்களைப் பள்ளிக் காரியத்துக்குச் சேர்த்துக் கொள்ளும் பேச்சு இருக்கிறது. "இலவசமாய்ச் சொல்லிக் கொடுக்க ஆளிருக்கும்போது சம்பளத்துக்கு உபாத்தியாயர் எதற்கு?" என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமான பயம். இதே காரணத்தால் இந்தத் திட்டத்தைச் சந்தேகித்தவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். தொண்டர் வருவதற்காக உபாத்தியாயர் இடம் காலியாக விடப்படுமானால் நாம் செய்வது தொண்டல்ல, துரோகம். பள்ளியில் உபாத்தியாயர் இடம் காலியாயிருந்தால் மனு எழுதுவதும் நம் வேலைதான்.

பிள்ளையின் பசியையும் நாம் போக்க முடியாது, அது சர்க்கார் வேலை. அதை இந்தப் பட்டணம் நன்கு அறியும். சர் பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் மத்தியானச் சாப்பாடு போட்டதிலிருந்து, 1956-ல் காமராஜர் போட்டது, 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்தது, 2022-ல் காலைச் சிற்றுண்டி வந்தது வரை பெரும்பாலும் வரிப்பணத்தில் நடந்தவை. தர்மத்தில் மட்டும் நடந்திருந்தால் தர்மவான் செத்த மறுநாள் அடுப்பு அணைந்திருக்கும்.

இப்பொழுது நாம் முன்னே சொல்லிய தவறுக்கு வருகிறோம்.

சில வருஷங்களுக்கு முன், நாமும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து, இதே பகுதியில் ஒரு தெருவில் மாலை வகுப்பு ஆரம்பித்தோம். ஆரம்ப நாளில் பதாகை கட்டினோம், பிஸ்கோத்து கொடுத்தோம், போட்டோவும் எடுத்தோம். முதல் மாதம் நால்வரும் வந்தோம். இரண்டாம் மாதம் ஒருவருக்கு ஷிப்ட் மாறிற்று, ஒருவருக்குக் கல்யாணம். மூன்றாம் மாதம் நமக்கே சோம்பல். பத்து வாரத்தில் வகுப்பு நின்றது. யாரும் பிள்ளைகளிடம் "நிறுத்திவிட்டோம்" என்று சொல்லக்கூடவில்லை, வராமலே இருந்துவிட்டோம். பிறகு தெரிந்தது: பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நோட்டை வைத்துக் கொண்டு ஒரு வாரம் அதே படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தானாம். நாலைந்து வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தோம். லாரியில் கிளீனராயிருந்தான். நம்மை அடையாளம் கண்டுகொண்டு, கோபமில்லாமல் சிரித்துக்கொண்டே, "அண்ணா, அந்தப் பின்னக் கணக்கு பாதியிலயே நின்னுபோச்சு இல்ல?" என்றான். நாம் குடித்த டீக்குக் காசும் அவனே கொடுத்துவிட்டான்.

நம் வகுப்பு நடந்திருந்தால் அவன் கலெக்டராகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. அவன் படிப்பு நின்றதற்கு வேறு பத்துக் காரணமிருக்கும். ஆனால் அவன் நம்பி உட்கார்ந்த ஒரு வாரத்துக்கு நாம்தான் ஜவாப்தாரி.

இது நம் மனக்குறை மாத்திரமல்ல. அமெரிக்காவில் 1904 முதல், பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு அண்ணன் போலவோ அக்காள் போலவோ துணையாயிருக்கும் ஏற்பாடு ஒன்று நடந்து வருகிறது. 1990-களில் 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குத் துணை கொடுத்து, மீதிப் பேரைக் காத்திருக்கச் செய்து, ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தார்கள். துணை கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடுவது மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவு. பள்ளிக்குப் போகாமல் திரிவதும் ஏறக்குறையப் பாதி. இவ்வளவும் யாரும் எங்கும் எடுத்துச் சொல்லும் கணக்கு. அதே கணக்கை 2002-ல் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்துப் பார்த்ததைத்தான் நாம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஒரு வருஷத்துக்கு மேல் துணை நீடித்த பிள்ளைகளுக்கே நன்மை அதிகம். மூன்று மாதத்துக்குள் விட்டுப் போனவர்களிடம் அகப்பட்ட பிள்ளைகளுக்கோ, தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருந்த மதிப்பு குறைந்திருந்தது. அதாவது, வராமலேயிருந்திருந்தால் குற்றமில்லை. வந்துவிட்டுப் போனதுதான் கெடுதல். அந்தப் பிள்ளை, "நான் ஒன்றுக்கும் உதவாதவன், அதனால்தான் போய்விட்டார்கள்" என்று எண்ணிக் கொள்ளுகிறது. சுயமரியாதை என்ற வார்த்தையை வாய் ஓயாமல் சொல்லுகிற நாமே ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சுயமரியாதையில் கை வைத்தோமென்றால், இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

ஆகவேதான் பெயரை வாபஸ் வாங்கினால் வருத்தமில்லையென்றோம். தினந்தோறும் வரமுடியாதவர் வாரம் இரண்டு நாள் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு நாளும் ஒரு வருஷம் வாருங்கள். ஐந்து நாள் என்று உற்சாகத்தில் எழுதிவிட்டு ஐந்தாம் வாரம் காணாமல் போகிறவரைவிட அவர் ஆயிரம் மடங்கு மேல். போக நேர்ந்தால், ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, உங்கள் இடத்துக்கு வருகிறவரைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள். வேலை போகும், ஷிப்ட் மாறும், இதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதிதான். அவர்கள் வீட்டிலேயே நடக்கிறது. சொல்லிவிட்டுப் போனால் புரிந்துகொள்வார்கள்.

வகுப்புக்குள் வந்தபின் வேறொன்றைக் கவனிப்பீர்கள். தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டதும் யார் எழுந்து ஓடுகிறார்கள் என்று பாருங்கள். பெண் பிள்ளைதான் ஓடுவாள். அவளுடைய தம்பி உட்கார்ந்தபடியிருப்பான். அவளைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. தம்பியையும் ஒரு குடத்தோடு அனுப்புங்கள். கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்ள வேண்டுமென்று வராமலிருக்கும் பெண்ணைக் குழந்தையோடே வரச் சொல்லுங்கள். இரைச்சல் கொஞ்சம் அதிகமாகும், அவ்வளவுதானே. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். சைக்கிளில் ஏறியவளை மறுபடி வீட்டுக்குள் தள்ளுவது சுலபமாயில்லை.

மற்றொன்று, சொல்லக் கூச்சப்பட்டாலும் சொல்லியாக வேண்டும். யார் யோக்கியன் என்று யாருடைய நெற்றியிலும் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகளைத் தேடி வருகிறவர்களில் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனும் இருப்பான்; அவன்தான் எல்லோரையும்விட அன்பாய்ப் பேசுவான். ஆகையால் நமக்குள்ளே சந்தேகப்படுகிறார்களென்று வருத்தப்படாமல் எல்லோரும் ஒரே கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். வகுப்பு தெருவில் போகிறவர் பார்க்கும்படியான இடத்தில் நடக்க வேண்டும். எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். பிள்ளையைத் தனியாய் வீட்டுக்கோ வண்டியிலோ அழைத்துப் போகக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் பரிசோ போன் பேச்சோ கூடாது. பேசுகிற நாமும் இதற்கு விலக்கல்ல. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே குற்றம். "ஊர் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைக்கிறவர்கள் நம் கூட்டத்திலும் உண்டு. 1098 என்ற டெலிபோன் எண்ணைப் பிள்ளைகளுக்கே பாடமாய்ச் சொல்லி வையுங்கள்.

அடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சட்டாம்பிள்ளையிடமிருந்து அவன் பிரம்பை வாங்கிக் கொள்ள வேண்டாம். அடித்தால்தான் படிப்பு வரும் என்பதற்கு, நம்மை அடித்தார்கள் என்பதைத் தவிர வேறு ஆதாரமில்லை.

என்ன சொல்லிக் கொடுப்பது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "நாம் பத்தாவது வரைதான் படித்தோம்" என்று ஒரு தோழர் பின்வாங்கப் பார்க்கிறார். அவர் ஆலையில் பிட்டர். அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடிப்பவர். தசமக் கணக்கை அவரைவிட யார் நன்றாய்ச் சொல்லிக் கொடுக்க முடியும்? தெரியாததைப் பிள்ளை கேட்டால் "தெரியாது, நாளைக்குப் பார்த்து வருகிறேன்" என்று சொல்லி, மறுநாள் பார்த்துக்கொண்டு வாருங்கள். பெரியவர் ஒருவர் வாயால் "தெரியாது" என்ற வார்த்தையை அந்தப் பிள்ளை அன்றுதான் முதல் தடவை கேட்டிருக்கும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை போனதே, அந்த எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது, மீன் ஏன் செத்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு பார்த்த பிள்ளைக்கு அடர்த்தி என்ற பாடத்தைப் புத்தகத்தில் தேடிக் காட்ட வேண்டியதில்லை.

1953-ல், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. நாடு எதிர்த்தது, 1954-ல் அது போயிற்று. சட்டத்தில் போனது மணலித் தெருவில் போய்விட்டதா என்று மாலை ஐந்து மணிக்கு லாரி ஷெட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். எட்டாவது படிக்கிற பையன் டயர் கழற்றிக் கொண்டிருக்கிறான். அவனுக்காகத்தான் இந்தக் கூட்டம்.

நேரமாகிவிட்டது, இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கிறார்கள். போகுமுன் இந்த மேஜைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பெயரை மட்டும் எழுத வேண்டாம். எந்த இரண்டு நாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஷிப்ட் மாறும் வாரத்தில் உங்களுக்குப் பதில் யார் என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கட்டம் நிரம்பாதவர்கள் இப்போது பக்கத்திலிருப்பவரிடம் பேசி நிரப்பிக் கொள்ளலாம். முதல் பக்கத்தில், செவ்வாயும் வெள்ளியும் என்று நம் பெயர் இருக்கிறது. பதில் ஆள் கட்டம் இன்னும் காலிதான். யாராவது முன்வந்தால் நல்லது.